"வாசிக்க மட்டும்" என்னும் வாக்கு

கொடுத்த வாக்கைக் காப்பவனே பெரியன் என்பது நம் நாட்டார் கொள்கை. இவ்வறம் மாந்தர்க்கு மட்டும் உரியதோ, மாந்தர் செய்த கருவிகட்கும் உரியதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். கணினியை நடத்தும் இயங்குதளம் நமக்குப் பல வாக்குகளை அளிக்கின்றது. "இத்தட்டை வாசிக்க மட்டுமே திறக்கின்றேன், இதில் எதையும் எழுதேன்" என்பது அவற்றுள் ஒன்று. இதனை நம்பி நாம் அரிய பொருள்களை அதன் கையில் ஒப்புவிக்கின்றோம். ஆயினும் இவ்வாக்குச் சில வேளைகளில் காக்கப்படுவதில்லை. காக்கப்படாமையும் தீய எண்ணத்தால் அன்று, நல்லெண்ணத்தாலேயே நேர்கின்றது. அந்நல்லெண்ணமே சான்றுக்குப் பகையாகிவிடுகின்றது என்பதை எம் அறிவுக்கு எட்டியவாறு எடுத்துரைப்போம். யாம் தமிழ் பயில்வோர். கணினித்துறை நண்பர்கள் எம் சொற்களின் எளிமையைப் பொறுத்தருள்வாராக.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் வாலிகண்டபுரம் என்னும் ஊர் எதிர்ப்படும். வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயில் அங்கே உள்ளது. அதன் கற்சுவர்களிலே சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்வெட்டு வாசிக்கும் பயிற்சிக்காக எம் வகுப்பினர் அங்குச் சென்றிருந்தோம். யாம் சுவரருகே நின்று எழுத்துக்கூட்டித் தடுமாறுவதைக் கண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அருகே வந்து உதவினார். மாலையில் எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, மோர் கொடுத்து உபசரித்து, ஒரு சிறு வன்தட்டை எம் கையில் வைத்தார். பல ஆண்டுகளாக அவர் அவ்வட்டாரத்துக் கல்வெட்டுக்களையும் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் கிடந்த தனிக்கற்களையும் எடுத்த நிழற்படங்கள் அதில் இருந்தன. "பிள்ளைகளே, இதில் உள்ள கற்களில் சில இன்று இருந்த இடத்தில் இல்லை. சில தேய்ந்துவிட்டன. இத்தட்டு உங்கள் கலாசாலையில் இருக்கட்டும். நான் எடுத்தது எடுத்தபடியே இருக்கவேண்டும், அது ஒன்றே என் வேண்டுகோள்" என்றார். எடுத்தது எடுத்தபடி என்னும் அச்சொற்கள் பின்னர் எம்மை உறங்கவிடாமல் செய்தன.

அத்தட்டு லினக்ஸ் இயங்குதளத்தில் ஆக்கப்பட்டது. இறுதியாக அதனைப் பயன்படுத்தியபொழுது நடுவே மின்சாரம் நின்றுபோயிற்று என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கலாசாலைக்குத் திரும்பியதும், கணினித்துறையில் முதுகலை பயிலும் மூத்த மாணவர் ஒருவர் தட்டைத் திறவாமலே, அதிலுள்ள எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவுவரை ஓட்டி, ஷா-256 என்னும் கணக்கு முறையால் ஒரு முத்திரை எண் எடுத்தார். அறுபத்துநான்கு எழுத்தும் எண்ணுமாகிய அதனை ஒரு தாளில் எழுதித் தட்டோடு பெட்டியில் வைத்தார். தட்டிலுள்ள கோடானுகோடிப் புள்ளிகளுள் ஒன்றே ஒன்று மாறினும் அம்முத்திரை முழுதும் வேறாகிவிடும். பழங்காலத்தில் எபிரேய வேதத்தைப் படியெடுத்த மசோரெத்தர் எழுத்துக்களை எண்ணிச் சரிபார்த்த வழக்கத்தின் தற்கால வடிவம் இது எனலாம்.

சில நாள் கழித்து யாம் படங்களைக் காண விரும்பினோம். தட்டைச் செருகியவுடன் கணினி தானே அதைத் திறந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்திவைத்தோம். "வாசிக்க மட்டும்" என்னும் கட்டளையைத் தெளிவாகக் கொடுத்தே திறந்தோம். ஒரு கோப்பையும் மாற்றவில்லை. மாற்ற முயன்றாலும் கணினி மறுத்தது. கண்டு மகிழ்ந்து மூடினோம். அடுத்த வாரம் மூத்த மாணவர் மீண்டும் முத்திரை எடுத்துப் பார்த்துவிட்டு எம்மை அழைத்தார். "தம்பி, இந்தத் தட்டில் யார் எழுதினீர்கள்?" என்று கேட்டார். "அண்ணா, ஒருவரும் எழுதவில்லை, வாசிக்க மட்டுமே திறந்தோம்" என்றோம். அவர் இரண்டு தாள்களையும் எம்முன் வைத்தார். இரண்டு முத்திரைகளும் ஒவ்வாதிருந்தன.

யாம் பொய் சொல்லவில்லை. தட்டும் பொய் சொல்லவில்லை. பின் எழுதியது யார்? இயங்குதளமே எழுதியது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒரு கடைக்கணக்கின் வாயிலாக விளக்குவோம். வணிகர் கடையில் சிட்டை, பேரேடு என இருவகை ஏடுகள் உண்டு. அன்றன்று நிகழும் வரவு செலவுகள் முதலிற் சிட்டையில் குறிக்கப்படும். பின்னர் ஆறுதலாகப் பேரேட்டில் உரிய தலைப்பின்கீழ் ஏற்றப்படும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்பொழுது விளக்கு அணைந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவர் சிட்டையைப் பார்த்து, ஏறாமல் நின்றவற்றைப் பேரேட்டில் ஏற்றிக் கணக்கை நேர்செய்துகொள்வார். சிட்டை இல்லையேல் பேரேடு பாதியில் நின்று குழம்பிவிடும்.

வன்தட்டில் கோப்புக்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையும் இவ்வாறே இயங்குகின்றது. 1991-இல் லினசு டோர்வால்ட்சு தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தில், ஈஎக்ஸ்டி3 என்னும் கோப்பு முறைமை 2001-இல் இச்சிட்டை முறையைக் கொண்டு சேர்க்கப்பட்டது. அதன் வழிவந்த ஈஎக்ஸ்டி4 என்பது 2008-இல் நிலைபெற்ற வடிவம் எய்தி, இன்று மிகப் பரவலாக வழங்குகின்றது. மின்சாரம் திடீரென நின்றாலும், தட்டைப் பிடுங்கினாலும், அடுத்தமுறை திறக்கும்பொழுது சிட்டையில் நின்றவை பேரேட்டில் ஏற்றப்பட்டு யாவும் நேராகிவிடும். இதனால் காப்பாற்றப்பட்ட கோப்புக்கள் எண்ணிறந்தன. இதனைப் பழிப்பது எம் நோக்கமன்று.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. "வாசிக்க மட்டும்" என்று சொல்லித் திறந்தாலும், சிட்டையில் நிலுவை இருப்பின், ஈஎக்ஸ்டி4 முதலில் அந்நிலுவையைத் தட்டில் எழுதி நேர்செய்துகொண்டே பின்னர் வாசிக்கத் தருகின்றது. இது மறைபொருளன்று, அதன் விளக்கவுரையிலேயே இது சொல்லப்பட்டிருக்கின்றது. திறக்கும்பொழுது, வாசிக்க மட்டுமாகிய கோப்பு முறைமைக்கு மீட்பு வேண்டியிருக்கின்றது என்றும், மீட்பு நடக்கும் அளவும் எழுத இசைவு தரப்படும் என்றும் இரண்டு வரிகளைக் கணினியின் நிகழ்ச்சிக் குறிப்பிலே அது எழுதியும் வைக்கின்றது. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் முதலிய வேறு முறைமைகளும் இவ்வாறே முதலில் மீட்பு நடத்துவன. ஆகவே "வாசிக்க மட்டும்" என்னும் சொற்குப் பொருள், "நீ எழுதலாகாது" என்பதேயன்றி, "நான் எழுதேன்" என்பதன்று. பயன்படுத்துவோனுக்கு விதித்த விலக்கைத் தட்டுக்கு அளித்த காவல் என்று யாம் மயங்கினோம். எம் தட்டில் மின்சாரம் நின்ற அன்று சிட்டையில் தங்கிய நிலுவை, யாம் வாசிக்கத் திறந்த அன்று ஏறிவிட்டது.

வாசிப்பும் எழுத்தாகும் புதுமை இவ்வொன்றோடு நிற்பதன்று. யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், ஒரு கோப்பை எழுத இசைந்து திறந்த தட்டிலே எவரேனும் வாசித்தால், இன்ன நேரத்தில் வாசிக்கப்பட்டது என்னும் குறிப்பு அக்கோப்பின்மேல் எழுதப்படுதல் பழைய வழக்கம். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஓர் எழுத்து என்பது வீண்சுமை எனக் கண்டு, லினக்ஸ் 2009-இல் இவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. யாதோர் அடையாளமும் விடாமல் வாசித்தல் என்பது கணினி உலகில் தானே கிடைப்பதன்று. முயன்று பெறவேண்டியது என்பதை இதனால் உணர்க.

ஈண்டுச் சிலர் தடை எழுப்புவர். "இயங்குதளம் செய்தது நன்மையன்றோ? படங்களில் ஒன்றேனும் கெட்டதா? பாதியில் நின்ற கணக்கை முடித்து வைத்தவனைக் கள்வன் என்பாருண்டோ?" என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. பொதுவழக்கில் அச்சிட்டை காப்பது கோப்புக்களின் பெயர், இடம், அளவு முதலிய அட்டவணைகளையே, படத்தின் உள்ளீட்டையன்று. ஆதலின் எம் படங்கள் கெடாமல் இருத்தலே பெரும்பான்மை. மேலும், சிட்டையை ஏற்றாமல் அப்படியே வாசித்தால் அட்டவணை முரண்பட்டு, சில கோப்புக்கள் காணப்படாமலோ பிழைபடவோ தோன்றக்கூடும். இவை யாவும் மெய்யே.

ஆயினும் தடை கூறுவோர் ஒன்றை மறந்தனர். எம் கையிலிருந்து போனது படம் அன்று. படம் மாறவில்லை என்று பிறர்க்குக் காட்டும் வழி. நாளை ஓர் அறிஞர் வந்து, "இக்கல் இன்று இல்லை, இப்படம் ஒன்றே சான்று, இதில் ஒருவரும் கைவைக்கவில்லை என்பதற்கு அடையாளம் யாது?" என்று வினவுவாராயின், யாம் ஒவ்வாத இரண்டு தாள்களைக் காட்டி, எம் நாணயத்தை நம்புமாறு வேண்டுவதன்றி வேறு செய்வதற்கில்லை. சான்றின் வலிமை வைத்திருப்போனின் நாணயத்தைச் சார்ந்திராமல் தானே நிற்றலில் இருக்கின்றது. அவ்வலிமை ஒரு நொடியில் போயிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய துன்பமன்று. ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் வரலாற்றை நினைவுகூர்க. பொருள் விளங்காத இடத்தில், "இது பிழையாக இருக்கும்" என்று எண்ணி, நல்ல மனத்தோடு ஓரெழுத்தைத் திருத்தியவர் பலர். திருத்தினோம் என்று குறித்து வைத்தவர் சிலர். அத்திருத்தங்களே பாடபேதங்களாய்ப் பெருகின. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிடுதற்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கறையான் தின்ற இடம் வெறுமையாகவேனும் நிற்கும். தின்றது கறையான் என்பதும் தெரியும். நல்லெண்ணத்தோடு நிரப்பிய இடமோ மூலம்போலவே தோன்றி ஏமாற்றும். குறிப்பின்றித் திருத்திய நண்பன் பகைவனினும் சான்றுக்குக் கேடு செய்கின்றான்.

கல்லிலும் இவ்வாறே. பழுதுபார்க்கும் காலத்தில் மணலை விசையோடு பாய்ச்சிச் சுவர்களைத் தூய்மை செய்தமையால் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்துபோயின. செய்தவர் அழுக்கைப் போக்கவே நினைத்தனர், போனது வரலாறு.

இனி, எழுத வேண்டிய இடத்தில் எவ்வாறு எழுதுவது என்பதற்கு நம் முன்னோர் காட்டிய வழியும் உண்டு. வாலிகண்டபுரத்துக்கு நெடுந்தொலைவில்லாத அரியலூர் மாவட்டத்திலே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி உள்ளது. அங்குள்ள கோயிலின் விமானத்தைப் புதுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபொழுது, சுவரை இறக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புத்தகத்திலிருந்து மீண்டும் புதிய சுவரில் வெட்டப்பட்டன. இவ்வரலாற்றையும் அக்கல்வெட்டே சொல்கின்றது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபொழுது, பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்து வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் பொறிப்பித்தார். முதலிற் படி, பின்னரே மாற்றம், மாற்றியதற்குக் கண்முன்னே குறிப்பு. இம்மூன்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் வழங்கிய ஒழுங்கு. உளியைக் கையில் எடுத்தவர் கடைப்பிடித்த இவ்வொழுங்கை இயங்குதளம் கடைப்பிடித்தலாகாதோ?

இயங்குதளமும் குறிப்பு எழுதத்தானே செய்கின்றது என்பீராயின், எழுதுகின்றது, எங்கே எழுதுகின்றது? ஆயிரம் வரிகளுக்கு நடுவே, ஒருவரும் புரட்டாத நிகழ்ச்சிக் குறிப்பிலே எழுதுகின்றது. அதுவும் செய்யும்பொழுது சொல்கின்றதேயன்றிச் செய்யலாமோ என்று கேட்கின்றதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவன் சுவரை இடித்துக் கட்டிவிட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைத்தது போன்றது இது.

எம் நிழற்படங்களோடு இது முடிவதாயின் இத்துணை சொல்ல வேண்டுவதில்லை. நீதிமன்றத்திலும் இச்செய்தி நிற்கின்றது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய சாட்சிய அதினியம், 2023 என்பது 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைப்போர் ஒரு சான்றிதழும் தரவேண்டும். அச்சான்றிதழின் படிவத்திலே, அப்பதிவின் முத்திரை எண் யாது, எக்கணக்கு முறையால் எடுக்கப்பட்டது என்பனவும் கேட்கப்படுகின்றன. ஓர் ஏழையின் நிலவழக்கும், ஒரு பெண்ணின் மானமும், குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் விடுதலையும் ஒரு சிறு தட்டைச் சார்ந்து நிற்கும் காலம் இது. "வாசிக்க மட்டும்தான் திறந்தேன்" என்று கைப்பற்றியவர் உண்மையாகவே சொல்லியும், முத்திரை ஒவ்வாமற் போகுமாயின், எதிர்த்தரப்பினர் ஐயுறுவதற்கு இடம் உண்டாகும். ஐயத்தின் பயனைக் குற்றவாளி பெறலாம். அல்லது ஐயுற வேண்டிய இடத்தில் ஐயுறாமல் நிரபராதி தண்டிக்கப்படலாம். இரண்டும் அநீதியே.

ஆதலின் எம் கருத்து இது. "வாசிக்க மட்டும்" என்று ஒருவன் கேட்டால், இயங்குதளம் எழுதாதிருத்தலே இயல்பாக இருத்தல் வேண்டும். மீட்பு இன்றித் திறத்தல் இயலாதாயின், "நிலுவை உள்ளது, எழுதினாலன்றி நேராகாது, எழுதட்டுமா?" என்று நின்று கேட்கவேண்டும். இது செய்தற்கரியதன்று. தட்டினையே எழுத இயலாததாக முன்னரே பூட்டிவிட்டால், ஈஎக்ஸ்டி4 நிலுவையைக் கண்டவுடன் மேற்செல்ல இயலாது என்று சொல்லித் திறவாமல் நின்றுவிடுகின்றது. மறுக்கத் தெரிந்த ஒன்றுக்குக் கேட்கவும் தெரியவேண்டும் என்பதே எம் வாதம். இன்று எழுதாமல் திறக்க விரும்புவோன் "நோலோட்" என்னும் தனிக்கட்டளையை அறிந்திருக்கவேண்டும். எக்ஸ்எஃப்எஸ் ஆயின் "நோரெக்கவரி" என்பதை அறிந்திருக்கவேண்டும். அறியாதவனுக்கு ஆபத்தும் அறிந்தவனுக்குப் பாதுகாப்பும் தருவது தலைகீழான ஒழுங்கு. அறியாதவனையன்றோ முதலிற் காக்கவேண்டும்?

இயங்குதளம் திருந்தும்வரை கைகட்டி நிற்றல் கூடாது. அரிய தட்டொன்று கைக்கு வந்தால் செய்யவேண்டியவை இவை என்று மூத்த மாணவர் எமக்குக் கற்பித்தார். முதலாவது, தட்டுக்கும் கணினிக்கும் நடுவே எழுத்துத் தடுப்புக் கருவியை வைத்தல். எழுதும் கட்டளை எது வரினும் அக்கருவி தட்டுக்குச் செல்லவிடாது. இங்கே காவல் செய்வது வாக்கு அன்று, கதவு. இரண்டாவது, திறவாமலே தட்டு முழுவதற்கும் ஒரு படி எடுத்து, மூலத்துக்கும் படிக்கும் முத்திரை எடுத்து ஒப்பிட்டு, நாளும் நேரமும் கைச்சாத்தும் இடுதல். மூன்றாவது, மூலத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படியின் படியையே திறத்தல். அதில் சிட்டை ஏறினால் ஏறட்டும், மூலம் நிற்கும். நான்காவது, அவ்வாறு திறந்த படியிலிருந்து கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முத்திரை எடுத்து வைத்தல். யாம் இந்நான்காவதையேனும் தொடக்கத்திற் செய்திருந்தால், அட்டவணை மாறியும் படங்கள் மாறவில்லை என்று இன்று காட்டியிருப்போம். முழுத்தட்டுக்கு ஒரே முத்திரை என்பது நூல் முழுவதற்கும் ஒரே பூட்டு. பூட்டுக் கெட்டால் எந்த ஏடு கெட்டது என்று அறிய வழியில்லை.

எம் கலாசாலை நூல்நிலையத்துக்கும் ஒன்று சொல்வோம். பழைய மாணவர்களின் கடிதங்களும் படங்களும் நாள்தோறும் தட்டுக்களில் வந்து சேர்கின்றன. அவற்றைப் பெறுவோர் இந்நான்கு விதிகளையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைப்பாராக. எழுத்துத் தடுப்புக் கருவி ஒன்று வாங்குதல் கலாசாலைக்குப் பெருஞ்செலவன்று.

இதனை எழுதுமுன் யாம் வாலிகண்டபுரத்துக்கு மீண்டும் ஒருமுறை சென்றோம். நடந்ததை ஆசிரியரிடம் மறையாமற் சொன்னோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாறியதை நீங்கள் கண்டுபிடித்ததே அந்தத் தாளினால்தானே? அந்தத் தாளையும் புதிய தாளையும் சேர்த்தே வையுங்கள். என்ன நடந்தது என்று மூன்றாவது தாளில் எழுதி வையுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம். இப்பொழுது அப்பெட்டியில் ஒரு தட்டும் மூன்று தாள்களும் உள்ளன. போன வலிமை முழுதும் மீளவில்லை; ஆயினும், மாறியது எது, எந்நாளில், யாரால் என்பது பின்வருவோர்க்குத் தெரியும். பழங்கல்லின் படி என்று சுவரில் வெட்டியவர் செய்ததும் இதுவே.

நண்பர்காள்! வாசிக்கத் தொடங்குமுன், வாசிப்பு எதனை மாற்றும் என்று ஒருகணம் எண்ணுங்கள். கருவி செய்வோர், தாம் இடும் பெயருக்கேற்பக் கருவியைச் செய்வாராக. சான்று காப்போர், பெயரை நம்பாமற் சோதித்து அறிவாராக. "வாசிக்க மட்டும்" என்பது வாசிக்க மட்டுமாகவே இருக்கட்டும்.